அடுக்குகளுக்கு நடுவே நடந்து பழகுங்கள்: பல்கலைக்கழக நூலகத்துக்குப் புதியவர்களுக்கு

ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகக் காலாப்பட்டிலுள்ள புதுச்சேரிப் பல்கலைக்கழகத்துக்குப் போகும் பஸ்களில் புது முகங்கள் நிறைய ஏறும். கடலூர், பண்ருட்டி, விழுப்புரம், திண்டிவனம், காரைக்கால் என்று பல ஊர்ப் பிள்ளைகள். வீட்டில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்கு வந்தவர்கள் அவர்களில் பலர். இந்தக் கட்டுரை முக்கியமாக அவர்களுக்கு. நானும் நெல்லிக்குப்பம் பக்கத்திலிருந்து அப்படி வந்தவன்தான்.

நான் இளங்கலை படித்த கல்லூரியில் நூல்கள் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டியிருக்கும். வேண்டிய நூலின் பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். உதவியாளர் உள்ளே போய்விட்டு வந்து பெரும்பாலும் “இல்லை” என்பார். மூன்று ஆண்டுகள் அப்படிப் பழகிய பிறகு, திறந்த அடுக்குகள் உள்ள பெரிய நூலகத்துக்குள் நுழைந்தபோது எனக்குக் கால் எழவில்லை. யாராவது அனுமதி தருவார்கள் என்று வாசிப்பு மேசையிலேயே உட்கார்ந்திருந்தேன். என் குறிப்பேட்டையே திரும்பத் திரும்பப் படித்தேன். மூன்று வாரம் அப்படிப் போனது. இன்றும் வாசிப்பறையில் மின்விசிறிக்கு அடியில் சொந்தக் குறிப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு முதுகலையின் இரண்டு ஆண்டுகளையும் கழித்துவிட்டுப் போகிற மாணவர்களைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது. அந்த அடுக்குகளில் இருப்பவை எல்லாம் அவர்களுக்காக வாங்கப்பட்டவை.

முதல் நாள்

புதுச்சேரிப் பல்கலைக்கழகம் 1985-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவானது. அதன் மைய நூலகத்துக்கு ஆனந்தரங்கப் பிள்ளையின் பெயர். துய்ப்ளேக்ஸ் பிரெஞ்சு ஆளுநராக இருந்த காலத்தில் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் இடையாளராகவும் பணியாற்றி, 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதியவர் அவர். கப்பல் வந்தது, விலை ஏறியது, யார் யாரைப் பார்க்க வந்தார்கள் என்று அன்றாடம் எழுதி வைத்த ஒருவரின் பெயரை நூலகத்துக்கு வைத்தது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. கடலூர் மாவட்டத்தின் தெற்கே, சிதம்பரத்தில் 1929-இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சேர்கிறவர்களுக்கும் கீழே சொல்பவற்றில் பெரும்பகுதி அப்படியே பொருந்தும்.

சேர்க்கை முடிந்து அடையாள அட்டை கைக்கு வந்த அன்றே நூலக உறுப்பினராகிவிடுங்கள். ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று விட்டால் முதல் தேர்வு வரும்வரை தள்ளிப்போகும். அட்டை, சேர்க்கைக் கட்டண ரசீது, இரண்டு புகைப்படங்கள் ஆகியவற்றை ஓர் உறையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். எது கேட்டாலும் திரும்பி விடுதிக்கு ஓட வேண்டியதில்லை.

நுழைவாயிலில் பையை வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டியிருக்கும். பணம், கைபேசி, மடிக்கணினி ஆகியவற்றைப் பையில் விடாதீர்கள். குறிப்பேடு, பேனாவோடு ஒரு பென்சிலும் கையில் இருக்கட்டும். உங்கள் சொந்த நூலை உள்ளே கொண்டு போவதாக இருந்தால் போகும்போதே காவலரிடம் காட்டிச் சொல்லிவிடுங்கள். திரும்பும்போது விளக்கம் சொல்லும் தொல்லை இருக்காது.

உள்ளே போனதும் நூல் வழங்கும் மேசையில் இந்தக் கேள்விகளைக் கேட்டுக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே நேரத்தில் எத்தனை நூல் எடுக்கலாம்? எத்தனை நாள்? தவணையை இணையத்திலேயே புதுப்பிக்க முடியுமா? வேறொருவர் எடுத்துச் சென்ற நூலுக்கு முன்பதிவு செய்யலாமா? தேர்வு நேரத்தில் எத்தனை மணி வரை திறந்திருக்கும்? மூத்த மாணவர் சொல்வதை நம்பி இருந்துவிடாதீர்கள். முதுகலை மாணவருக்கும் ஆய்வு மாணவருக்கும் எண்ணிக்கையும் தவணையும் வேறுவேறாக இருக்கும்.

அன்று நூல் எதுவும் எடுக்க வேண்டாம். ஒரு மணி நேரம் சும்மா நடங்கள். எல்லா மாடிக்கும் ஏறுங்கள், எல்லா வரிசைக்குள்ளும் போய் வாருங்கள். தவணைக்குக் கொடுக்கும் நூல்கள் எங்கே, வெளியே கொடுக்காத அகராதிகளும் கலைக்களஞ்சியங்களும் உள்ள குறிப்புதவிப் பிரிவு எங்கே, ஆய்வேடுகள் எங்கே, பழைய ஆய்விதழ்களை ஆண்டுவாரியாக பைண்டிங் செய்து அடுக்கியிருப்பது எங்கே என்று கால்களுக்குத் தெரிய வேண்டும். எனக்கு வராமல் போன துணிவு அந்த ஒரு மணி நேர நடையில் உங்களுக்கு வந்துவிடும்.

நூற்பட்டியலில் தமிழ் நூலைத் தேடுவது

இந்தப் பகுதியை விரிவாகவே எழுதுகிறேன். நூலகத்தில் இருக்கிற நூலை “இல்லை” என்று நினைத்துத் திரும்புகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்.

கணினியில் உள்ள நூற்பட்டியலை நூலகத்தில் ‘ஓபேக்’ என்பார்கள். ஆங்கில நூலுக்கு அதில் தேடுவது எளிது. தமிழ் நூல் விஷயம் அப்படியல்ல. சில நூல்களைத் தமிழ் எழுத்திலேயே பதிந்திருப்பார்கள். சிலவற்றை ஆங்கில எழுத்துகளில் ஒலிபெயர்த்துப் பதிந்திருப்பார்கள். ஒலிபெயர்ப்பில் ஆளுக்கொரு வழி. ‘வரலாறு’ என்பதற்கு ஒருவர் ஒரு ‘ஆர்’ போட்டிருப்பார், இன்னொருவர் இரண்டு போட்டிருப்பார். ‘தமிழ்’ என்பதன் கடைசி எழுத்துக்கு ஒருவர் ‘எல்’ போதும் என்று விட்டிருப்பார், வேறொருவர் ‘இசட்’, ‘எச்’ இரண்டையும் சேர்த்திருப்பார். அதனால் ஒருமுறை தட்டிப் பார்த்து விடை வரவில்லை என்றால் நிறுத்திவிடாதீர்கள். தமிழில் ஒருமுறை, ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று விதமாக ஒவ்வொரு முறை தேடுங்கள். முழுத் தலைப்பையும் தட்டாமல், மாற்றி எழுத வாய்ப்பில்லாத ஒரே ஒரு சொல்லை மட்டும் கொடுப்பது நல்லது.

ஆசிரியர் பெயரில் தேடும்போது இனிஷியலை விட்டுவிட்டு இயற்பெயரை மட்டும் தட்டுங்கள். பட்டியலில் பெயர் முதலில், இனிஷியல் பின்னால் என்று மாற்றியிருப்பது வழக்கம். புனைபெயர் இன்னொரு சிக்கல். நம் ஊர்ப் பெயர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். புதுச்சேரியில் பிறந்த பாரதிதாசனின் இயற்பெயர் கனக சுப்புரத்தினம். கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரில் 1906-இல் பிறந்த புதுமைப்பித்தனின் இயற்பெயர் சோ. விருத்தாசலம். அவர்களே எழுதிய நூல்கள் புனைபெயரின் கீழும், அவர்களைப் பற்றி மற்றவர்கள் எழுதியவை இரண்டு பெயர்களிலும் சிதறிக் கிடக்கலாம். இரண்டையும் தேடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் கிடைக்கவில்லை என்றால் எண்ணைப் பிடித்துக்கொண்டு அடுக்குக்கே போய்விடலாம். நம் நாட்டுப் பல்கலைக்கழக நூலகங்களில் பெரும்பாலானவை மெல்வில் டூயி 1876-இல் வெளியிட்ட தசமப் பகுப்பு முறையைப் பின்பற்றுகின்றன. அதில் தமிழ் மொழி 494.811. தமிழ் இலக்கியம் 894.811. அதற்குப் பின்னால் 1 சேர்ந்தால் கவிதை, 2 சேர்ந்தால் நாடகம், 3 சேர்ந்தால் கதையும் நாவலும். ஆக, தமிழ் நாவல் தேடுகிறவர் 894.8113 என்ற எண் ஒட்டிய வரிசைக்கு நேராகப் போய் நின்றுவிடலாம். இந்திய வரலாறு 954, பொருளியல் 330. உங்கள் பாடத்துக்குரிய எண்ணை முதல் வாரத்திலேயே மனப்பாடம் செய்துவிடுங்கள்.

எண்களைப் படிப்பதில் எல்லோரும் ஒருமுறையாவது தவறும் இடம் ஒன்று உண்டு. புள்ளிக்குப் பின்னால் உள்ளதை முழு எண்ணாகப் படிக்கக் கூடாது. 811 என்பது 82-ஐவிடப் பெரியதுதானே என்று நினைத்து, 894.811-ஐ 894.82-க்கு அப்பால் தேடுவார்கள். புள்ளிக்குப் பின் ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிட வேண்டும். முதல் இலக்கம் இரண்டிலும் 8. அடுத்தது ஒன்றில் 1, மற்றதில் 2. ஆகவே 894.811 முன்னால் நிற்கும். எண்ணுக்குக் கீழே நூலின் முதுகில் ஒட்டியிருக்கும் எழுத்துகள் ஆசிரியர் பெயரின் முதல் எழுத்துகள். எண் ஒன்றாக இருக்கும் நூல்களை அவைதான் வரிசைப்படுத்துகின்றன.

வேண்டிய நூலை எடுத்த பிறகு அதன் இருபுறமும் உள்ள நூல்களையும் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரே பொருள் பற்றியவை பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதற்காகவே அந்த எண். என் ஆய்வேட்டுக்கு மிகவும் உதவிய நூல் நான் தேடிப் போனதன்று. அதற்கு மூன்று நூல் தள்ளி இருந்தது.

பார்த்து முடித்த நூலை நீங்களே அடுக்கில் செருகாதீர்கள். மேசையிலேயே விட்டுவிடுங்கள். ஒரு வரிசை மாறி வைக்கப்பட்ட நூல் அடுத்த கணக்கெடுப்பு வரைக்கும் தொலைந்த நூல்தான். பட்டியல் ‘இருக்கிறது’ என்று காட்டும், அடுக்கில் இருக்காது. தேர்வுக்கு முதல் நாள் வேறு யாருக்கும் கிடைக்கக் கூடாது என்று வேண்டுமென்றே வேறு வரிசையில் ஒளித்து வைப்பவர்களும் உண்டு. அதை எந்த நியாயம் சொல்லியும் என்னால் ஏற்க முடியாது.

கேளுங்கள்

நூலகரைக் கண்டு தயங்காதீர்கள். ‘இதைக்கூடத் தெரியாதா’ என்று நினைப்பார்களோ என்ற பயம்தான் தமிழ்வழியில் படித்து வந்த பலரைக் குறிப்புதவி மேசைப் பக்கமே போகவிடாமல் செய்கிறது. அந்த மேசையில் அமர்ந்திருப்பவரின் வேலையே நீங்கள் கேட்பதற்கு வழி சொல்வது. இந்த நாட்டில் நூலகத் துறைக்கு அடித்தளம் போட்டவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் ஒன்று, வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பது. நீங்கள் கேட்கும்போது அவர்களுக்குத் தொந்தரவு கொடுப்பதாக எண்ண வேண்டாம்.

எப்படிக் கேட்பது என்பதும் முக்கியம். “பொருளாதாரம் பற்றி நூல் வேண்டும்” என்றால் அவர் ஒரு வரிசையைக் கைகாட்டுவார். “கடலூர் மாவட்டத்தில் முந்திரி விவசாயிகள் கடன் வாங்குவது பற்றி எழுதப் போகிறேன். அது பற்றி நூல், ஆய்வேடு, அரசு அறிக்கை எதுவும் உண்டா?” என்று கேட்டால் அவரே எழுந்து வருவார். தமிழிலேயே கேளுங்கள். தமிழ் தெரியாத ஊழியர் என்றால் கேள்வியை ஒரு தாளில் நான்கு வரியில் எழுதிக் கொடுங்கள், போதும்.

நூல் அங்கே இல்லை என்றால் பிற நூலகத்திலிருந்து இரவலாகப் பெற்றுத் தர முடியுமா என்றும் கேளுங்கள். நூலகங்களுக்குள் அப்படி ஓர் ஏற்பாடு உண்டு. நூல் வாங்கச் சொல்லிப் பரிந்துரைக்கும் படிவமும் இருக்கும். துறை ஆசிரியரின் கையொப்பத்தோடு கொடுத்தால் அதற்கு மதிப்பு அதிகம்.

கணினியில் கிடைப்பவை

2025 ஜனவரி 1 முதல் மத்திய அரசின் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களை அரசு உயர்கல்வி நிறுவனங்களின் மாணவர்கள் பணம் கட்டாமல் படிக்கலாம். இணையத்தில் ஒரு கட்டுரைக்குப் பல ஆயிரம் ரூபாய் கேட்கும் பக்கம் வந்தால் மனம் தளராதீர்கள். அதே கட்டுரையைப் பல்கலைக்கழக இணைய இணைப்பிலிருந்து திறந்து பாருங்கள். வீட்டிலிருந்து படிக்க வேண்டுமானால் அதற்கென உள்நுழைவுப் பெயரும் கடவுச்சொல்லும் கிடைக்குமா என்று நூலகத்தின் மின்வளப் பிரிவில் கேட்டு, விடுமுறைக்கு ஊருக்குப் போகும் முன்பே வாங்கிவிடுங்கள்.

முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு ‘சோத்கங்கா’ என்ற இணையதளம். குஜராத்தின் காந்திநகரிலுள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்துகிறது. நாடெங்கும் உள்ள பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் 5 லட்சத்துக்கும் மேல் அதில் உள்ளன. தமிழில் எழுதப்பட்டவையும் நிறைய. யாரும் கணக்குக்கூடத் தொடங்காமல் படிக்கலாம். தலைப்புத் தேர்ந்தெடுக்கும் முன் அங்கே ஒரு வாரம் செலவிடுவது அவசியம். ஆனால் ஒன்று: ஆய்வேட்டின் முதல் இயலைவிட அதன் பின்னால் உள்ள துணைநூற்பட்டியலைத்தான் முதலில் படிக்க வேண்டும். அதை எழுதியவர் எங்கெங்கே போய்த் தேடினார் என்பது அதில் இருக்கும்.

பார்வைத் திறன் குறைந்த மாணவர்களுக்கு ஒரு சொல். ‘என்விடிஏ’ என்ற திரை வாசிப்பு மென்பொருள் இலவசம், தமிழையும் படிக்கும். ஆனால் நூல் பக்கங்களைப் படமாக மட்டும் ஸ்கேன் செய்த கோப்பை அதனால் படிக்க முடியாது. படத்திலுள்ள எழுத்துகளை அடையாளம் காணும் எழுத்துணரி மென்பொருள் வழியாக மாற்றித் தரும்படி நூலகத்தில் உரிமையோடு கேளுங்கள். 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம் அப்படி மாற்றுவதற்கு இடம் தருகிறது.

மழைக்காலத்துக்கு முன்

நம் கரையில் வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். 2011 டிசம்பர் 30-இல் தானே புயலும், 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயலும் வந்துபோனதை இந்தப் பகுதியில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பஸ் நின்றுவிடும், இணையம் போய்விடும். மழை அறிவிப்பு வந்தவுடன் தவணையைப் புதுப்பித்துவிடுங்கள். எடுத்துச் செல்லும் நூலைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துப் பிறகு பையில் வையுங்கள். நனைந்துவிட்டால் வெயிலில் காய வைக்க வேண்டாம், தாள் முறுக்கிக்கொள்ளும். நடுநடுவே வெள்ளைத் தாளை வைத்து மின்விசிறிக்குக் கீழே நிறுத்தி உலர்த்தி, உடனே நூலகத்தில் சொல்லிவிடுங்கள். மறைத்துத் திருப்பிக் கொடுத்தால் பூஞ்சை பக்கத்து நூலுக்கும் பரவும்.

நிகழ்ச்சிகளில் எவற்றுக்குப் போக வேண்டும்

ஆண்டுத் தொடக்கத்தில் நடக்கும் நூலக அறிமுக வகுப்பைத் தவற விடாதீர்கள். அடுத்து, மின்வளங்களைக் கையாளக் கற்றுத் தரும் பயிற்சி. வெறும் உரை என்றால் யோசிக்கலாம். கணினி முன்னால் உட்கார வைத்துச் சொல்லித் தருவது என்றால் கட்டாயம் போங்கள். ஏப்ரல் 23 உலகப் புத்தக நாள், ஆகஸ்ட் 12 ரங்கநாதன் நினைவாகக் கொண்டாடப்படும் நூலகர் நாள், நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம். இந்த நாள்களை ஒட்டிக் கண்காட்சிகளும் போட்டிகளும் நடக்கும். புத்தகக் கண்காட்சி என்றால் உங்கள் பரிந்துரைப் பட்டியலோடு போங்கள். ஆசிரியர்கள் நூலகத்துக்காக நூல் தேர்ந்தெடுக்கும் நேரம் பெரும்பாலும் அதுவே.

ஊருக்குள் இருக்கும் மற்ற நூலகங்கள்

தமிழ், வரலாறு, மானிடவியல், சூழலியல் படிக்கிறவர்கள் புதுச்சேரியின் கடற்கரைப் பக்கம் போகாமல் படிப்பை முடிக்கக் கூடாது. செயின்ட் லூயி தெருவில் 1955-இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. அங்கும் துய்மா தெருவில் உள்ள தூரகிழக்குப் பிரெஞ்சுப் பள்ளி என்ற ஆய்வு நிறுவனத்தின் மையத்திலும் சேகரிக்கப்பட்ட சைவச் சுவடிகள் ஏறத்தாழ 11,000. யுனெஸ்கோ 2005-இல் அவற்றை ‘உலக நினைவகப்’ பதிவேட்டில் சேர்த்தது. போகும்போது துறைத் தலைவரிடமிருந்தோ நெறியாளரிடமிருந்தோ ஒரு கடிதம் வாங்கிச் செல்லுங்கள். எந்தப் பொருளுக்காக, என்ன பார்க்க வேண்டும் என்று அதில் தெளிவாக இருக்கட்டும். சுவடி, அரிய நூல்கள் உள்ள இடத்தில் பேனாவை எடுக்காதீர்கள். முன்னே சொன்ன பென்சில் அதற்காகத்தான். படம் எடுக்கும் முன் அனுமதி கேளுங்கள்.

நாவலும் செய்தித்தாளும் படிக்க, 1827-இல் தொடங்கி, 1966-இல் பிரெஞ்சு எழுத்தாளர் ரொமேன் ரோலந்தின் பெயர் சூட்டப்பட்ட பொது நூலகம் இருக்கிறது. பாடத்துக்கு வெளியே ஒரு வாசிப்பு எல்லோருக்கும் வேண்டும்.

முடித்துப் போகும்போது

ஆய்வேடு சமர்ப்பிக்கும் முன் நூலகத்தின் வழியாகத்தான் பெரும்பாலும் எழுத்தொப்புமைச் சோதனை, அதாவது பிறர் எழுதியதோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்று பார்க்கும் சோதனை நடக்கும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளின்படி 10 விழுக்காடு வரை ஒப்புமைக்கு நடவடிக்கை இல்லை. அதற்கு மேல் 40 வரை, 60 வரை, 60-க்கு மேல் என்று படிப்படியாகக் கடுமை கூடும். கடைசி வாரத்தில் போய் நிற்காதீர்கள். ஒவ்வோர் இயல் முடிந்ததும் சோதித்துக்கொள்ள வழி உண்டா என்று கேளுங்கள். அதைவிட, குறிப்பெடுக்கும் நாளிலேயே மேற்கோளை மேற்கோள்குறிக்குள் எழுதிப் பக்க எண்ணையும் போட்டுவிடுவது நிம்மதி.

நூலகத்தின் நிலுவையில்லாச் சான்று இல்லாமல் மாற்றுச் சான்றிதழ் கைக்கு வராது. கடைசித் தேர்வுக்குப் பத்து நாள் முன்பே கணக்கில் உள்ள நூல்களைப் பாருங்கள். உங்கள் அட்டையில் நண்பருக்கு எடுத்துக் கொடுத்த நூல் ஏதாவது நிற்கும். முன்வைப்புத் தொகை கட்டியிருந்தால் அதைத் திரும்பப் பெற ரசீது வேண்டும்.

ஆய்வு மாணவர்களுக்கு இன்னும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. உங்கள் ஆய்வேட்டின் மின்படி நூலகத்துக்குப் போய், அங்கிருந்து சோத்கங்காவில் ஏறும். சமர்ப்பிக்கும் படிவத்தில் பெயரையும் இனிஷியலையும் தலைப்பையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்தெழுத்தாகச் சரிபார்த்துக் கொடுங்கள். பதிவேறிய பிறகு ஒருநாள் நீங்களே தேடிப் பாருங்கள். எழுத்து மாறியிருந்தால் உடனே சொல்லித் திருத்தச் செய்யுங்கள். பத்து ஆண்டு கழித்துப் பண்ருட்டியிலிருந்தோ பரங்கிப்பேட்டையிலிருந்தோ வரும் ஒரு மாணவர் அந்த எழுத்துகளைத் தட்டித்தான் உங்களைக் கண்டுபிடிக்க வேண்டும்.